மார்ஜின் என்றால் அட்வான்ஸ் அல்ல

என் பிழைப்பு மொழிபெயர்ப்பு. மேடையில் ஒருவர் ஆங்கிலத்திலோ மலையாளத்திலோ பேசுவார். நான் பக்கத்தில் நின்று அதைத் தமிழில் சொல்வேன். திருவனந்தபுரத்தில் இதற்குத் தேவை இருக்கிறது. தென்காசி, நாகர்கோவில் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கும் ஹோட்டல் வேலைக்கும் வந்தவர்கள் இங்கே ஏராளம். கடையில், பஸ்ஸில் மலையாளம் பேசிச் சமாளித்துவிடுவார்கள். ஆனால் மருத்துவ முகாமில் டாக்டர் சொல்வதையும், தொழிலாளர் கூட்டத்தில் அதிகாரி சொல்வதையும் தமிழில் கேட்டால்தான் அவர்களுக்கு நிம்மதி. நான் இதே ஊரில், வலியசாலையில் பிறந்தவள். வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம் என்று வளர்ந்ததால் இரண்டுக்கும் நடுவில் நிற்பது எனக்குச் சிரமமில்லை.

இந்த வேலையில் எனக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. பேசுகிறவர் சொன்னதைச் சொல்ல வேண்டும். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, தம்பானூரில் ஒரு ஹோட்டல் ஹாலில், அதைக் கைவிடச் சொன்னார்கள். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் காது சூடாகிறது.

முதலீட்டு நிறுவனம் ஒன்றின் மேனேஜர் போன் செய்திருந்தார். மலையாளி, முப்பது வயதுக்காரர், நல்ல மரியாதையான பேச்சு. கமாடிட்டி முதலீடு பற்றி இலவச அறிமுக வகுப்பு நடத்துகிறார்களாம். இந்த முறை தமிழ் ஆட்களுக்காக மட்டும். பாடம் எடுக்கிறவர் மும்பையிலிருந்து வருகிறார், ஆங்கிலத்தில்தான் பேசுவார். “சேச்சி ஒண்ணு கூட நின்னு தமிழ்ல சொன்னா மதி” என்றார், அவ்வளவு போதும் என்கிற பொருளில். நான் ஒப்புக்கொண்டேன். பாடத்துக்குத் திரையில் காட்டப்போகிற பக்கங்களை முன்கூட்டியே அனுப்பச் சொல்லி வாங்கி, ஒரு வாரம் உட்கார்ந்து படித்தேன். தெரியாத விஷயத்தை வாயால் சொல்ல எனக்குப் பிடிக்காது.

படித்தபோது, சொல்லப்போனால், எனக்கு அது பிடித்துப்போயிற்று. கமாடிட்டி என்றால் சரக்கு. எங்கே விளைந்தாலும் எங்கே தோண்டி எடுத்தாலும், தரம் ஒன்றாக இருந்தால் ஒரே விலைக்குப் போகிற பொருள். தங்கம், வெள்ளி, கச்சா எண்ணெய், பருத்தி, ஏலக்காய். ஏலக்காய் பயிரிடுகிறவருக்கு அறுவடை சமயத்தில் விலை விழுந்துவிடுமோ என்று பயம். மசாலாப் பொடி தயாரிக்கிறவருக்கு அதே சமயத்தில் விலை ஏறிவிடுமோ என்று பயம். இரண்டு பேரும் வரப்போகிற மாதத்துக்கு இன்றைக்கே ஒரு விலையைப் பேசி ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் இரண்டு பேரும் தூங்கலாம். அந்த ஒப்பந்தத்துக்குத்தான் ஃபியூச்சர்ஸ் என்று பெயர். எவ்வளவு நியாயமான ஏற்பாடு!

இவர்களுக்கு நடுவில் மூன்றாவதாக ஒருவர் வருகிறார். அவரிடம் ஏலக்காய் இல்லை. அவருக்கு ஏலக்காய் வேண்டவும் வேண்டாம். விலை ஏறும் என்று நினைத்தால் அந்த ஒப்பந்தத்தை வாங்குகிறார், ஏறியதும் விற்கிறார். இதற்கு முழு விலையையும் அவர் கட்ட வேண்டியதில்லை. அதில் ஒரு சின்னப் பங்கைக் கட்டினால் போதும். அதுதான் மார்ஜின். விலை ஏறினால், கட்டிய சின்னத் தொகைக்குப் பெரிய லாபம். இறங்கினால் அதே வேகத்தில் நஷ்டம். அந்த நஷ்டத்தை அன்றன்றைக்கே மார்ஜினிலிருந்து கழித்துக்கொள்வார்கள். மார்ஜின் குறைந்தால் மேலும் கட்டச் சொல்வார்கள். கட்டாவிட்டால் ஒப்பந்தத்தை அவர்களே விற்று முடித்துவிடுவார்கள். சில சமயம் கட்டியது முழுக்கப் போனதற்கு மேலும் கடன் நிற்கும். கடைசி இரண்டு பக்கங்களில் இதெல்லாம் தெளிவாக எழுதியிருந்தது. நான் நான்கு தடவை படித்து, நல்ல தமிழ் வாக்கியங்களாக மனதில் போட்டுவைத்துக்கொண்டேன்.

ஞாயிறு காலை போனபோது ஹால் முக்கால்வாசி நிறைந்திருந்தது. கட்டட மேஸ்திரிகள், ஹோட்டல் சமையல்காரர்கள், சாலை என்கிற பெரிய கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கிற இரண்டு மூன்று பேர். எல்லாரும் துவைத்து இஸ்திரி போட்ட சட்டை அணிந்திருந்தார்கள். பருப்பு வடையும் சாயாவும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். போனக்காட்டு மலையில் தேயிலை பறித்து வளர்ந்தவர் என்றும், இப்போது ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு லாட்ஜில் அறை சுத்தம் செய்கிறார் என்றும் பேச்சுக் கொடுத்ததில் தெரிந்தது. லாட்ஜ் வரவேற்பு மேஜையில் வைத்திருந்த நோட்டீஸைப் பார்த்து வந்திருக்கிறார். “டீச்சரே, எனக்கு ஒண்ணும் அறியாது. வெளங்கும்படியா சொல்லணும்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் டீச்சர் இல்லை என்று சொல்லவில்லை.

மேனேஜர் என்னை ஓரமாக அழைத்துப் போனார்.

“சேச்சி, ரெண்டு காரியம். மார்ஜின்னு சொன்னா இவங்களுக்கு மனசிலாகாது. அட்வான்ஸ்னு சொல்லிக்கோ. அட்வான்ஸ் எல்லாருக்கும் அறியாம்.”

“அது அட்வான்ஸ் இல்லையே.”

“கிட்டத்தட்ட அதுதானே? பின்னே, லாஸ்ட் ரெண்டு ஸ்லைடு. அது சும்மா ஒரு ஃபார்மாலிட்டி. சார் வேகமா போயிடும். நீங்க தமிழ்ல சொல்லண்டா. ஆளுகளுக்கு விசக்கும், ஊணு சமயம் ஆகும்.”

பசியையும் சாப்பாட்டு நேரத்தையும் சாக்காக வைத்துச் சிரித்துக்கொண்டே சொன்னார். நான் பதில் சொல்வதற்குள் யாரோ கூப்பிட, போய்விட்டார்.

அட்வான்ஸ் என்கிற சொல்லை அவர் எப்படிக் கண்டுபிடித்தார் என்று இன்றும் ஆச்சரியம்தான். இந்த ஊரில் அறை எடுத்துத் தங்கும் ஒவ்வொரு தமிழ்த் தொழிலாளியும் வீட்டுக்காரருக்கு அட்வான்ஸ் கொடுத்திருக்கிறார். காலி பண்ணும்போது அது திரும்பி வரும். வெள்ளையடிக்க என்று கொஞ்சம் பிடித்துக்கொண்டாலும் மீதி வரும். எத்தனை வருஷமானாலும் வரும். அந்தச் சொல்லுக்குள்ளேயே ‘திரும்பி வரும்’ என்கிற அர்த்தம் இருக்கிறது. அதனால்தான் அவருக்கு அது வேண்டியிருந்தது.

வகுப்பு தொடங்கியது. மும்பைக்காரர் மோசமானவர் இல்லை. விஷயம் தெரிந்தவர், நன்றாகப் பேசினார். தங்கம், வெள்ளி, கச்சா எண்ணெய் என்று படங்களாகக் காட்டினார். பக்கத்தில் நான் சொல்லச் சொல்ல ஹாலில் தலைகள் ஆடின. கேள்விகளும் வந்தன. முன்வரிசைப் பெண் எழுந்து, “நாங்க பறிச்ச தேயிலைக்கும் இப்படிப் போர்டுல வெல ஓடுமா சாரே?” என்றார். தேயிலை இந்தச் சந்தையில் இல்லை, அது ஏலத்தில் போகிறது என்றார் அவர். “வெல கூடினா பறிக்கிறவங்களுக்குக் கூலி கூடுமா?” என்று அடுத்துக் கேட்டார் அந்தப் பெண். நான் மொழிபெயர்த்தேன். மும்பைக்காரர் இது வேறு தலைப்பு என்று புன்னகைத்துவிட்டு அடுத்த படத்துக்குப் போனார். அந்தப் பெண் மெதுவாக உட்கார்ந்தார்.

பிறகு மார்ஜின் வந்தது. நான், “மார்ஜின் என்பது நஷ்டம் வந்தால் எடுத்துக்கொள்வதற்காக முன்கூட்டியே உங்களிடம் வாங்கி வைத்துக்கொள்கிற பணம்” என்றேன். ஹாலில் ஒரு சலசலப்பு. நடுவரிசையிலிருந்து ஒரு மேஸ்திரி எழுந்தார். ஐம்பது வயது இருக்கும், மீசை நரைத்திருந்தது, தென்காசிப் பேச்சு.

“அப்பம் அது திரும்பி வராதா மேடம்?”

நான் பதில் சொல்வதற்குள் மேனேஜர் இன்னொரு மைக்கை எடுத்துவிட்டார். “அட்வான்ஸ், அட்வான்ஸ்! நம்ம அட்வான்ஸ் தானே அண்ணா. டென்ஷன் வேண்டா!”

ஹால் முழுக்க “ஓ, அட்வான்ஸா” என்று ஒரு மூச்சு விட்டது. மேஸ்திரி முகம் தெளிந்து உட்கார்ந்தார்.

“அட்வான்ஸ் இல்லை” என்றேன் நான், என் மைக்கில். “வீட்டு அட்வான்ஸ் திரும்பி வரும். இது வந்தாலும் வரும், வராமலும் போகும்.”

மேனேஜர் என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை போயிருந்தது. மும்பைக்காரருக்கு எங்கள் பேச்சு புரியவில்லை. இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தார்.

கடைசி இரண்டு பக்கங்கள் வந்தன. டிவி விளம்பரத்தின் முடிவில் ஒருவர் மூச்சுவிடாமல் படிப்பாரே, அப்படிப் படித்துவிட்டு மும்பைக்காரர் ‘நன்றி’ பக்கத்துக்குப் போய்விட்டார். மேஜைகளில் கணக்குத் தொடங்குவதற்கான விண்ணப்பத் தாள்களையும் பேனாக்களையும் அடுக்க ஆரம்பித்தார்கள். நான் அவரிடம் ஆங்கிலத்தில், “தயவுசெய்து பின்னால் போங்கள், அந்தப் பக்கங்களை நான் இன்னும் சொல்லவில்லை” என்றேன். அவர் மறுக்கவில்லை, திருப்பிப் போனார்.

நான் சொல்ல ஆரம்பித்தேன். விலை இறங்கினால் என்ன ஆகும், மேலும் கட்டச் சொன்னால் எவ்வளவு சீக்கிரம் கட்ட வேண்டும், கட்டாவிட்டால் என்ன, கட்டியதற்கு மேலும் எப்படிப் போகும். எல்லாம் அவர்கள் எழுதிய வாக்கியங்கள்தான், நான் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. இரண்டாவது வாக்கியத்தில் மைக் செத்தது. யார் அணைத்தார்கள் என்று திரும்பிப் பார்க்கவில்லை. கோயில் உற்சவக் கூட்டத்தில் தொலைந்த பிள்ளையைக் கூப்பிடுகிற குரல் என்னுடையது. மைக் இல்லாமலும் கடைசி வரிசைக்கு எட்டும். இரண்டு பக்கத்தையும் முழுக்கச் சொல்லி முடித்தேன்.

கைதட்டுவார்கள் என்று எதிர்பார்க்கவில்லை. ஆனால் திட்டுவார்கள் என்றும் எதிர்பார்க்கவில்லை. “நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல ஏன் மேடம் இப்படி அபசகுனமாப் பேசுதீக?” என்றார் அதே மேஸ்திரி. “நாங்க நாலு காசு பாத்தா ஒங்களுக்கு என்ன கஷ்டம்?” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். பாதிப் பேர் எழுந்து விண்ணப்ப மேஜைக்குப் போனார்கள். மேஸ்திரி முதல் ஆளாகப் போனார். லாட்ஜ் பெண் போகவில்லை. என் போன் நம்பரை வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

மேனேஜர் கதவருகே வந்தார். “சேச்சி எங்க புரோகிராம் நாசம் பண்ணி. ஃபீஸ் அனுப்பிட்டேன். இனி வேண்டா.” படி இறங்குவதற்குள் போனில் பணம் வந்த சத்தம் கேட்டது. ஒரு பைசா குறையவில்லை. குறைத்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே என் கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் செய்தித்தாளை மடிக்காமல் கேட்டார். “கூலிக்குப் பேசப் போனவ பேசிட்டு வரவேண்டியதுதானே? அவாளோட மல்லுக்கு நின்னு என்ன ஆகப்போறது?”

“என் வாயாலன்னா சொல்லச் சொல்றா! அவன் பொய் சொல்லட்டும், அது அவன் பாடு. என் நாக்கை ஏன் வாடகைக்குக் கேக்கறான்?”

“அதுக்குத்தானே வாடகை வாங்கறே நீ.”

அன்று முழுக்க நான் அவரோடு பேசவில்லை. கோபம் அவர்மேல் இல்லை என்பது அவருக்கும் தெரியும். தானே காபி போட்டு, எனக்கும் ஒரு டம்ளர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

மழைக்காலம் தொடங்கியிருந்தபோது ஒரு நாள் காலையில் மேஸ்திரி போன் செய்தார். லாட்ஜ் பெண்ணிடம் விசாரித்து நம்பர் வாங்கியிருக்கிறார். முதலில் தான் யார் என்று சொல்லத் தயங்கினார். “அன்னைக்கு ஒங்கள ஒரு வார்த்த சொல்லிட்டேன் மேடம்” என்று ஆரம்பித்தார். பிறகு கேட்டார்: “அட்வான்ஸத் திருப்பித் தரமாட்டேங்கான். நீங்க கொஞ்சம் வந்து பேச முடியுமா?”

நடந்தது இதுதான். கம்பெனியிலிருந்து போன் வந்து, வெள்ளி வாங்குங்கள் என்றிருக்கிறார்கள். வாங்கியிருக்கிறார். முதலில் ஏறியதாம், மகிழ்ச்சியில் கூட வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் பிரியாணி வாங்கிக் கொடுத்திருக்கிறார். பிறகு விலை சரிந்தது. கழக்கூட்டத்தில் ஒரு கட்டடத்தில் கான்கிரீட் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், மேலும் பணம் கட்டச் சொல்லி ஆங்கிலத்தில் போனுக்குச் செய்தி வந்திருக்கிறது. யாரிடமோ காட்டிப் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். வீட்டுக்காரன் அட்வான்ஸைக் கூட்டிக் கேட்கிற மாதிரி இதுவும் ஒரு பேராசை என்று நினைத்து, சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். சாயங்காலத்துக்குள் அவருடைய வெள்ளியை விற்று முடித்துவிட்டார்கள். மகள் கல்லூரிச் சேர்க்கைக்காக வைத்திருந்த பணம் அது.

நான் அவரோடு கம்பெனி அலுவலகத்துக்குப் போனேன். அதே மேனேஜர். நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, அமைதியாகப் பேசினார். கிளையன்ட் கையெழுத்துப் போட்டிருக்கிறார், எல்லாம் விதிப்படிதான் என்றார். “பாவம், அவருக்கு அன்றைக்குப் புரியவில்லை” என்றேன். அப்போது அவர் சொன்னதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

“எப்படிப் புரியாம போகும் சேச்சி? ரிஸ்க் முழுக்கத் தமிழ்ல விளக்கமா சொல்லியாச்சு. நீங்கதானே சொன்னீங்க? மைக் கூட இல்லாம, சத்தமா. எல்லாரும் கேட்டதானே?”

வாயை மூடச் சொன்னவர்! மைக்கை அணைக்க விட்டவர்! நான் வாயை மூடாமல் பேசியதையே தனக்குக் கவசமாக எடுத்து மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மேஸ்திரி தலையைக் குனிந்துகொண்டு, “ஆமா, மேடம் சொன்னாவதான்” என்றார். அந்த மனிதர் அப்போதும் உண்மையைத்தான் பேசினார். அது என் ஆத்திரத்தை இன்னும் கிளப்பியது.

“நான் சொன்னேன். நீங்கள் என்ன சொன்னீர்கள்? அட்வான்ஸ் என்று சொன்னீர்களா இல்லையா?”

“நானா? அப்படியொண்ணும் ஓர்மை இல்லை.”

மறதி அவருக்கு உடனே கைக்கு வந்தது. வெளியே வந்து, மழையில் ஒதுங்கி நின்றபோது மேஸ்திரி, “விடுங்க மேடம், நம்ம தலையெழுத்து” என்றார். “தலையில் யாரும் எழுதவில்லை. அந்த ஆள் மைக்கில் சொன்னதை நானும் ஹால் முழுக்கவும் கேட்டோம்” என்று அவர்மேலேயே எரிந்து விழுந்தேன். பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார்.

உதவி வந்தது கம்பெனியிடமிருந்தே. அந்த வகுப்பை அவர்கள் விளம்பரத்துக்காக வீடியோ எடுத்திருந்தார்கள். லாட்ஜ் பெண் தன் போனில் அதைப் பார்த்துவிட்டு எனக்கு அனுப்பினார். என் பேச்சு அதில் ஒரு வரி இல்லை, சுத்தமாக வெட்டியிருந்தார்கள். ஆனால் மேனேஜர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, “நம்ம அட்வான்ஸ் தானே அண்ணா, டென்ஷன் வேண்டா” என்று சிரிப்பதும், ஹால் நிம்மதியாகத் தலையாட்டுவதும் அப்படியே இருந்தது. அது அழகாக இருக்கிறது என்று வைத்திருக்கிறார்கள்! அந்தச் சிரிப்பை நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

இந்தச் சந்தைகளைக் கண்காணிக்கிற ஒழுங்குமுறை வாரியத்தின் புகார் இணையதளத்தில் எழுதினோம். மேஸ்திரி தமிழில் சொன்னார், நான் ஆங்கிலத்தில் எழுதினேன். இந்த முறையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. என் கணவர் ஒவ்வொரு பக்கத்தையும் படித்து எழுத்துப்பிழை திருத்தினார். “இங்கே கோபம் தெரியறது, அதை எடு. விஷயம் மட்டும் இருக்கட்டும், கேட்டியா” என்றார். எடுத்தேன். கம்பெனி பதில் எழுதியது, நாங்கள் மறுபதில் எழுதினோம். ஓணம் வந்து போனது. கடைசியில் சமரசப் பேச்சு, கம்ப்யூட்டர் திரையில். மேஸ்திரி எங்கள் கூடத்தில், நல்ல சட்டை போட்டுக்கொண்டு, என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நடுவர் ஒரு பெண்மணி. வீடியோவைப் போடச் சொன்னார். அட்வான்ஸ் என்றால் இந்த மாநிலத்தில் வேலை செய்கிற ஒரு தமிழருக்கு என்ன அர்த்தம் என்று என்னைக் கேட்டார். சொன்னேன். கம்பெனி வக்கீல் இது மொழிபெயர்ப்புக் கருத்து வேறுபாடு என்றார். நடுவர் மேனேஜரிடம், “நீங்கள் குடியிருக்கிற வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்திருக்கிறீர்களா?” என்று மட்டும் கேட்டார். அவர் கொடுத்திருந்தார்.

கம்பெனி பாதிக்கு மேல் திருப்பித் தர ஒப்புக்கொண்டது. ஆனால் ஒப்பந்தத் தாளில் என்ன எழுதியிருந்தார்கள் தெரியுமா? தங்கள் பக்கம் எந்தத் தவறும் இல்லை, நல்லெண்ணத்தின் பேரில் மட்டும் தருகிறோம் என்று. நல்லெண்ணம்! நான் கையெழுத்துப் போட வேண்டாம் என்றேன். தவறு என்று ஒரு வரி எழுதட்டும், இல்லாவிட்டால் மேலே போகலாம் என்றேன். மேஸ்திரி என்னை நிதானமாகப் பார்த்தார்.

“மேடம், ஒங்களுக்கு அவன் தப்புன்னு சொல்லணும். எனக்கு எம்புள்ளைக்கு ஃபீஸ் கட்டணும்.”

கையெழுத்துப் போட்டார். அது அவருடைய பணம், அவருடைய கையெழுத்து.

பணம் வந்த பிறகு ஒரு நாள், மகளுக்குக் கல்லூரி ஃபீஸைக் கட்டிவிட்டு, இனிப்போடு வீட்டுக்கு வந்தார். சாயா குடித்து முடித்ததும் கொஞ்சம் வெட்கத்தோடு கேட்டார். “இந்தத் தங்கம், வெள்ளியில எல்லாம் நம்மள மாதிரி ஆளுக போடவே கூடாதா மேடம்?”

“போடலாம்” என்றேன். கையில் இருக்கிற பணத்துக்கு மட்டும் வாங்குகிற தங்க ஃபண்டுகள் இருப்பதைச் சொன்னேன். விலை இறங்கினால் அதன் மதிப்பும் இறங்கும். ஆனால் இன்னும் கட்டு என்று யாரும் செய்தி அனுப்பமாட்டார்கள், கேட்காமல் விற்கவும் மாட்டார்கள். அதிலும், மகள் படிப்புப் பணத்தைப் போடக் கூடாது. சில வருஷம் தொடாமல் விடக்கூடிய பணத்தை மட்டும்தான் போடலாம். அவர் ஒவ்வொன்றையும் நிறுத்தி நிறுத்திக் கேட்டார். நான் பொறுமையாகப் பதில் சொன்னேன். வகுப்பு அவ்வளவுதான். அதற்கு ஹாலும் வேண்டாம், பருப்பு வடையும் வேண்டாம்.

அந்தக் கம்பெனி இன்னும் வகுப்பு நடத்துகிறது. சென்ற மாதம் தம்பானூரில் பஸ்ஸுக்கு நின்றபோது அதன் நோட்டீஸை ஒருவர் என் கையில் திணித்தார். இப்போது தமிழிலேயே அச்சடித்திருக்கிறார்கள். யாரோ நன்றாக மொழிபெயர்த்திருக்கிறார்கள், ஒரு பிழை இல்லை. நஷ்டத்தைப் பற்றிய வரி அடியில், கண்ணாடி போட்டாலும் படிக்க முடியாத எழுத்தில் இருந்தது. நான் பஸ்ஸை விட்டுவிட்டு, நோட்டீஸ் கொடுத்தவர் பக்கத்திலேயே நின்றேன். அதை வாங்கிக்கொண்டு போன ஒவ்வொருவரையும் நிறுத்தி, அந்த வரியைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். சிலர் நின்று கேட்டார்கள். பலர் பைத்தியம் என்று நினைத்து ஒதுங்கிப் போனார்கள்.